கும்பலோடு கோவிந்தா

"கும்பலோடு கோவிந்தா போடாதே" என்று வீட்டில் திட்டு வாங்காதவர்கள் யாராவது இருக்கிறீர்களா? சொந்தப் புத்தி இல்லாமல் கூட்டத்தோடு சேர்ந்து குரல் கொடுப்பவனுக்கு நம் ஊரில் கொடுத்திருக்கும் பட்டம் அது. நானும் ரொம்ப நாள் அதை அப்படியே நம்பினேன். கூட்டமாகப் பாடுவது என்றால், தனியாகப் பாடத் தெரியாதவர்கள் போய் ஒளிந்துகொள்ளும் இடம் என்று ஒரு நினைப்பு. இப்போது அந்தப் பழமொழி மேல் கொஞ்சம் சந்தேகம் வந்திருக்கிறது.

முதலில் ஒரு வாக்குமூலம். எனக்குப் பாட வராது. அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, அது சான்றிதழ் வாங்கிய விஷயம். ஆறாம் வகுப்பில் ஆண்டு விழாவுக்குத் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாட நாற்பது பேரை நிறுத்தினார்கள். பாட்டு மிஸ் வரிசை வரிசையாகக் காதைக் கொடுத்துக்கொண்டே வந்தார். என் முன்னால் நின்றார். இன்னொரு தடவை பாடச் சொன்னார். அப்புறம் கோபமே இல்லாமல், ரொம்பச் சாதாரணமாக, "நீ வாயை மட்டும் அசை கண்ணா, சத்தம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பையனிடம் போய்விட்டார். அதற்கப்புறம் நான்கு வருடம் எல்லா விழாவிலும் வாயை மட்டும் அசைத்தேன். அதில் பெரிய நிபுணனாகவே ஆகிவிட்டேன். எங்கே மூச்சு வாங்குவது போல் நடிக்க வேண்டும் என்பது வரைக்கும் தெரியும். இதை வகுப்பில் ஒரு நாள் சொன்னபோது எட்டு பேர் "டேய், எனக்கும்டா" என்றார்கள். அறுபது பேர் வகுப்பில் எட்டு பேர்! ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் இப்படி எத்தனை பேர் மீன் மாதிரி வாயைத் திறந்து மூடிக்கொண்டு நின்றிருப்பார்களோ.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

2019 அக்டோபரில் அப்பா போய்விட்டார். மாரடைப்பு. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அதற்குப் பிறகு அம்மா பேசுவதை நிறுத்திவிட்டாள் என்பது மட்டும் இந்தக் கட்டுரைக்குப் போதும். சுத்தமாகப் பேசாமல் இல்லை. "சாப்பிட்டியா", "கதவைச் சாத்து", "பால் பாக்கெட் எடுத்தியா" - அவ்வளவுதான். டிவியைப் போட்டுச் சத்தத்தைக் குறைத்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருப்பாள். படம் ஓடும். திருச்சியிலிருந்து வந்து தங்கியிருந்த அப்பாயி ஒரு பக்கம் அழுவார். நான் பத்தாம் வகுப்பு. படிக்கிற மாதிரி புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தச் சத்தமில்லாத டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் தெருக்கோடி வீட்டில் ஒரு மாமி திருப்புகழ் வகுப்பு நடத்துகிறார். அவருடைய கணவருக்கு டெல்லியில் உத்தியோகமாம். அங்கே இருந்த வருடங்களில் கற்றுக்கொண்டது. சென்னைக்கு வந்த பிறகு காசு வாங்காமல் தெருவில் இருக்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அந்த மாமி ஒரு நாள் வீட்டுக்கு வந்தார. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் சொல்லும் எதையும் சொல்லவில்லை. "செவ்வாய், வெள்ளி மூணரை மணி. பாட வேண்டாம். வந்து உட்கார்ந்தா போதும்" என்றார்.

அப்பாயிக்கு வந்ததே கோபம். "வருஷம் திரும்பல, அதுக்குள்ள பாட்டு என்ன பாட்டு?" மாமி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பதினாறாம் நாள் முடிஞ்சுடுத்தோல்லியோ? அழறதுக்கும் தெம்பு வேணும் பாட்டி. அதுக்குத்தான் கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். அம்மா அன்றைக்குப் போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை நான் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வந்தபோது வீடு பூட்டியிருந்தது. அப்பாயி அதற்குள் ஊருக்குப் போய்விட்டிருந்தார். சாவி அம்மாவிடம். இப்படித்தான் வாரத்துக்கு இரண்டு நாள் மாமி வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. பக்தியால் இல்லை, சாவியால்!

உள்ளே என்ன நடக்கும் என்று சொல்கிறேன். ஜமக்காளம் விரித்திருக்கும். எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டி ஒன்று ங்ஙொய் என்று ஓடிக்கொண்டிருக்கும். பதினெட்டு இருபது பெண்கள், இரண்டே இரண்டு ஆண்கள். அதில் ஒருவர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், கஞ்சிரா வாசிப்பார். எல்லோர் மடியிலும் நோட்டு. மாமி ஒரு வரி சொல்வார், எல்லோரும் திருப்பிச் சொல்வார்கள். கடைசியில் முழுப் பாட்டையும் ஒன்றாகப் பாடுவார்கள். அங்கே தனியாக யாரும் பாடுவதில்லை. "நீ பாடு, நாங்க கேக்கறோம்" என்ற பேச்சே கிடையாது.

திருப்புகழைப் பாடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது சாதாரணப்பட்ட விஷயம் இல்லை. அருணகிரிநாதர் 15-ஆம் நூற்றாண்டுக்காரர். இன்று கிடைப்பவை மட்டும் 1,300-க்கு மேல். ஓலைச்சுவடியாக ஊர் ஊராகச் சிதறிக் கிடந்தவற்றை வ.த.சுப்பிரமணிய பிள்ளை தேடித் தேடிச் சேர்த்து 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அச்சில் கொண்டுவந்தார். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு சந்தம். தனதன தானன என்று அது பாட்டுக்கு ஓடும், நாக்கு பின்னால் ஓட வேண்டும். தாளமும் ஒன்று, இரண்டு என்று நேராக இருக்காது. ஒன்றரை, இரண்டு, இரண்டரை என்று அரைகளில் நடக்கும். எந்த மெட்டில் அந்தக் காலத்தில் பாடினார்கள் என்பது தெரியாமல் போய்விட்டது. இன்று நிறைய வீடுகளில் பாடும் மெட்டுகள் டெல்லியில் வாழ்ந்த ஏ.எஸ்.ராகவன் அமைத்தவை. 1958-இல் அவர் தொடங்கியதுதான் 'திருப்புகழ் அன்பர்கள்'. சுமார் 500 பாடல்களுக்கு ராகமும் தாளமும் அமைத்து, கட்டணம் இல்லாமல் கற்றுக்கொடுத்து, 2013-இல் மறைந்தார். எங்கள் தெரு வகுப்பு அந்த அமைப்பைச் சேர்ந்தது இல்லை. மாமி தன் பாட்டுக்கு ஆரம்பித்தது. ஆனால் மூலம் அதுதான்.

படியில் உட்கார்ந்து கேட்டதில் எனக்கு ஒரு புதிர். இவ்வளவு வேகமாக, இவ்வளவு நீளமான வரியை எப்படி மூச்சே விடாமல் பாடுகிறார்கள்? எல்லாம் அறுபது வயதுக்காரர்கள், பாதிப் பேருக்கு ஆஸ்துமா. ஒரு நாள் அம்மாவிடம் கேட்டேன். அப்பா போன பிறகு அம்மா என்னிடம் சேர்ந்தாற்போல் நாலு வாக்கியம் பேசியது அன்றைக்குத்தான்.

"யார் மூச்சு விடாம பாடறா? எல்லாரும் விடறாங்க. ஆனா ஒரே நேரத்துல விடக்கூடாது. பக்கத்துல இருக்கறவங்க விடும்போது நீ பாடணும், நீ விடும்போது அவங்க பாடுவாங்க."

அப்புறம்தான் தெரிந்தது, உலகம் முழுக்கச் சேர்ந்திசைக் குழுக்களில் இது எழுதப்படாத விதி. தனியாகப் பாடும் மனிதக் குரலால் முடியாத ஒன்றைக் கூட்டம் செய்துவிடுகிறது. ஒரு வரி அறுபது விநாடி நீண்டாலும் அறுந்துபோகாது. கேட்பவருக்கு ஒரே குரல்தான். உள்ளே இருபது பேர் முறை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார்கள். அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது என்று நினைக்கிறேன். நடுவில் தொண்டை அடைத்துக்கொண்டால் நிறுத்தலாம். பாட்டு நிற்காது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சேர்ந்துகொள்ளலாம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பித் திரும்பிப் பார்த்த வீட்டில் இது எவ்வளவு பெரிய சௌகரியம்!

கல்லூரிக்கு வந்த பிறகு இதைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படித்தேன். (பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நேரத்தில்தான். வேறு எப்போது இதெல்லாம் படிக்கத் தோன்றும்?) ஸ்வீடனில் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தில் 2013-இல் ஒரு ஆராய்ச்சி. பதினெட்டு வயதுப் பிள்ளைகள் பதினைந்து பேருக்கு இதயத் துடிப்பை அளக்கும் கருவியை மாட்டிப் பாடச் சொன்னார்கள். முதலில் ஒரே சுரத்தில் ம்ம்ம், அப்புறம் ஒரு தோத்திரப் பாட்டு, அப்புறம் மெதுவாக ஒரு மந்திரம். பாட்டின் வரி அமைப்புக்குத் தக்கபடி எல்லோருடைய இதயத் துடிப்பும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கியது. மாயம் ஒன்றும் இல்லை. மூச்சை இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமாகும், விடும்போது மெதுவாகும். எல்லோர் உடம்பிலும் அப்படித்தான். பாடுவது என்பது மூச்சை நிதானமாக வெளியே விடுவது. எங்கே நிறுத்த வேண்டும் என்பதைப் பாட்டு தீர்மானிக்கிறது. மூச்சு சேர்ந்தால் துடிப்பும் சேரும்.

இன்னொன்று ஆக்ஸ்போர்டில், ராபின் டன்பார் இருந்த குழு 2015-இல் வெளியிட்டது. பெரியவர்களுக்கான மாலை வகுப்புகளை ஏழு மாதம் கவனித்தார்கள். சிலது பாட்டு வகுப்பு, சிலது கைவேலை வகுப்பு, சிலது எழுத்து வகுப்பு. ஏழு மாதம் முடியும்போது எல்லா வகுப்பிலும் ஆட்கள் ஏறக்குறைய ஒரே அளவு நெருங்கிவிட்டார்கள். ஆனால் பாட்டு வகுப்பில் அந்த நெருக்கம் முதல் மாதத்திலேயே வந்துவிட்டது. எனக்கு இந்த முடிவில் பிடித்ததே அதன் நேர்மைதான். பாட்டு மட்டும்தான் மனிதர்களைச் சேர்க்கும் என்று அவர்கள் சொல்லவில்லை. ஸ்வெட்டர் பின்னினாலும் சேர்வார்கள், கொஞ்சம் லேட்டாகும். பாட்டில் அறிமுகம், குசலம், "உங்களுக்கு எந்த ஊர்" எல்லாவற்றையும் தாண்டிக் குதித்துவிடலாம். அடுத்த வருடம் இதே ஆட்கள் லண்டனில் 232 பேர் சேர்ந்து பாடும் ஒரு கூட்டத்தையும், அதே ஆட்கள் சின்னச் சின்னக் குழுக்களாகப் பாடுவதையும் ஒப்பிட்டார்கள். பாடுவதற்கு முன்னும் பின்னும் வலியை எவ்வளவு தாங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். பாடிய பிறகு தாங்கும் சக்தி கூடியிருந்தது. எண்டார்ஃபின் சுரப்பதன் அடையாளம் என்கிறார்கள். பெயர் கூடத் தெரியாத 232 பேர் கூட்டத்திலும் ஒட்டுதல் ஏறியிருந்தது, சின்னக் குழுவில் ஏறியதைவிட அதிகமாகவே.

எண்டார்ஃபின் சமாசாரம் மாமிக்குத் தெரியாது. "அழறதுக்கும் தெம்பு வேணும்" என்று மட்டும் தெரியும்.

2020 பிப்ரவரி 8 தைப்பூசம். பக்கத்துக் கோயிலில் வகுப்பே உட்கார்ந்து பாடியது. அம்மா மூன்றாவது வரிசையில். நான் தூணோரம் நின்று அம்மாவுடைய வாயைப் பார்த்தேன். நிபுணன் இல்லையா, பார்த்தாலே தெரிந்துவிடும். அசைப்பு இல்லை, நிஜமாகவே பாடினாள். வீட்டுக்கு வந்து டிவியில் சத்தம் வைத்தாள்.

சரியாக ஒன்றரை மாதம். மார்ச் 25-இலிருந்து ஊரடங்கு.

இந்த இடத்தில் ஒரு கசப்பான விஷயம் சொல்லியே ஆக வேண்டும். சேர்ந்து பாடுவதைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் பள்ளத்தாக்கில் ஒரு ஊர்ச் சேர்ந்திசைக் குழு. 2020 மார்ச் 10 அன்று இரண்டரை மணி நேர ஒத்திகை. வந்தவர்கள் 61 பேர். அதில் ஒருவருக்கு லேசாக உடம்பு சரியில்லை. அடுத்த சில நாட்களில் 53 பேர் நோயில் விழுந்தார்கள் என்று அமெரிக்க அரசின் அறிக்கை கணக்கிட்டது. இரண்டு பேர் இறந்துபோனார்கள். கொரோனா காற்றில் பரவும் என்று உலகம் ஒத்துக்கொண்டதில் இந்த ஒத்திகைக்கு ஒரு பங்கு உண்டு. எந்த மூச்சைப் பங்குபோட்டுக்கொள்வதைப் பற்றி மேலே உருகி உருகி எழுதினேனோ அதே மூச்சுதான். ஆழமாக இழுப்பது, பலமாக விடுவது, நெருங்கி உட்காருவது. பாட்டை நல்லதாக ஆக்கும் அத்தனையும் அந்த நோய்க்கும் நல்லதாகிப் போனது.

மாமி ஏப்ரலில் ஜூமுக்கு மாறினார். அம்மாவுக்கு நான்தான் போனைச் சாய்த்து வைத்து, பட்டனை அமுக்கிக் கொடுத்தேன். முதல் நாள் எல்லோரும் ஒன்றாகப் பாட ஆரம்பித்தார்கள் பாருங்கள், சந்தைக்கடை தோற்றுவிடும். ஒருவர் முதல் வரியில், ஒருவர் இரண்டாவது வரியில், கஞ்சிராக்காரர் போன ஜென்மத்தில். சேர்ந்து வாசிப்பவர்களுக்கு நடுவில் சத்தம் சுமார் 30 மில்லி விநாடிக்கு மேல் தாமதித்தால் தாளம் தள்ளாட ஆரம்பித்துவிடும். இணையத்தில் தாமதம் அதைப்போல் பல மடங்கு. மெல்லத் தாமதமாகக் கேட்பதற்கு ஏற்ப ஒவ்வொருவரும் மெதுவாக்க, பாட்டு தேய்ந்து தேய்ந்து நின்றே போகும். அதனால் மாமி எல்லோரையும் மியூட்டில் போட்டுவிட்டார். அவர் பாடுவார். இருபது சின்னக் கட்டங்களில் இருபது பேர் சத்தமில்லாமல் வாயை அசைப்பார்கள்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அம்மாவுக்குத் தன் குரல் மட்டும் கேட்கும். மூச்சு வாங்கும் இடத்தில் வீடு அமைதியாகிவிடும். மூன்றாவது வாரம், பாட்டின் நடுவில், "என்னால முடியலடா" என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்த வருடம் முழுக்க எங்கள் வீட்டில் நிலைமை எப்படி இருந்தது என்பதையும் விட்டுவிடுகிறேன். டிவி பழையபடி ஊமையானது.

2021 பிப்ரவரியில் மாமி மொட்டை மாடியில் ஆரம்பித்தார். தள்ளித் தள்ளி உட்கார்ந்து, முகக்கவசத்தோடு. பத்துப் பேர் வந்தார்கள். கஞ்சிராக்காரர் வரவில்லை, இனி வரவும் மாட்டார். அம்மாவை நான் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு போனேன்.

மாமி வீட்டுக்குக் கீழே வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி நிற்கும். அந்த அக்கா பதினைந்து வருடமாக அங்கே துணி தேய்க்கிறார். பாட்டு அறைக்குள் நடந்தவரைக்கும் யாருக்கும் தெரியவில்லை. மாடிக்குப் போன பிறகுதான் ஒரு நாள் பாட்டு முடிந்து நிசப்தமான இடத்தில் கீழேயிருந்து ஒரு குரல் அரை வரி கூடுதலாகக் கேட்டது. எட்டிப் பார்த்தால் அக்கா! பெட்டியைத் தேய்த்துக்கொண்டே பாடுகிறார். வருடத்துக்கு ஒரு தடவை திருத்தணிக்குக் காவடி எடுக்கும் குடும்பம். மாமியின் ஜன்னல் வழியாகக் கேட்டுக் கேட்டே நாற்பது பாட்டுக்கு மேல் மனப்பாடம். நோட்டும் கிடையாது. அம்மாவோ எட்டுப் பாட்டைத் தாண்டவில்லை.

அம்மா மேலேயிருந்தே கூப்பிட்டாள். "மேல வாங்களேன்."

"வேணாம்க்கா, இங்கயே நல்லாத்தான் கேக்குது."

இரண்டு மூன்று நாள் இது நடந்தது. நாலாவது நாள் அம்மா கீழே இறங்கிப் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். அக்கா கரிப்பெட்டியை மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஜமக்காளத்தின் ஓரத்தில் தரையில் உட்கார்ந்தார். மாமி "ஜமக்காளத்துல உட்காரும்மா" என்றார். அவ்வளவுதான் நடந்தது. அதற்கு அடுத்த வாரத்திலிருந்து இரண்டு பேர் வரவில்லை. ஒருவர் முழங்கால் வலி என்றார். இன்னொருவர் காரணமே சொல்லவில்லை. முழங்கால் வலிக்காரரை மறுநாள் காய்கறிக் கடையில் பார்த்தேன், மூன்றாவது தெரு வரைக்கும் நடந்து வந்திருந்தார்.

ராபர்ட் புட்னம் என்ற அமெரிக்க அரசியல் அறிஞரை எங்களுக்கு ஒரு பேராசிரியர் நடத்தினார். 1993-இல் இத்தாலியைப் பற்றி எழுதிய புத்தகத்தில், சேர்ந்திசைக் குழுக்களும் கால்பந்துக் கிளப்புகளும் மாதிரியான சங்கங்கள் நிறைந்த வட பகுதியில் அரசாங்கம் நன்றாக நடக்கிறது, அவை குறைந்த தெற்கில் அப்படி இல்லை என்று எழுதியவர். வகுப்பில் எல்லோரும் சிரித்தோம், பாட்டுப் பாடினால் ரோடு போடுவார்களா என்று. அவரே 2000-இல் எழுதிய 'பௌலிங் அலோன்' புத்தகத்தில் இரண்டு வகை உறவைப் பிரிக்கிறார். ஒரே மாதிரி ஆட்களை இன்னும் இறுக்கிக் கட்டும் உறவு ஒன்று. வேறு வேறு ஆட்களுக்கு நடுவில் பாலம் போடும் உறவு ஒன்று. சேர்ந்து பாடுவதன் சமூக நன்மை என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் முதல் வகையைப் பார்த்துவிட்டு இரண்டாவது வகைக்குச் சான்றிதழ் கொடுத்துவிடுகிறார்கள் என்பது என் கட்சி. பதினைந்து வருடம் ஒரே சுருதியில் பாடியவர்களுக்குக் கீழே நிற்கும் குரல் கேட்கவில்லை. இதயத் துடிப்பெல்லாம் ஒன்றாகத்தான் இருந்திருக்கும். ஜமக்காளம்தான் சின்னது.

இதைத் தெரிந்தே வேறு மாதிரி செய்து பார்த்த ஒருவர் சென்னையில் இருந்தார். எம்.பி.சீனிவாசன். இப்டாவில் பாடி வளர்ந்தவர், ஏ.கே.கோபாலனிடம் செயலாளராக வேலை பார்த்தவர், யேசுதாஸுக்கு 1961-இல் முதல் சினிமாப் பாட்டு கொடுத்தவர், சினிமா வாத்தியக் கலைஞர்களுக்குச் சங்கம் கட்டியவர். சினிமாவில் இருந்துகொண்டே 1970-களின் தொடக்கத்தில் மெட்ராஸ் யூத் கொயர் என்ற குழுவை ஆரம்பித்தார். பாரதியார் பாட்டை எடுத்து, ஒரே மெட்டை எல்லோரும் பாடாமல், ஒரு பகுதியினர் ஒரு மெட்டு, இன்னொரு பகுதியினர் அதற்குப் பொருந்தும் வேறு மெட்டு என்று அமைத்தார். நம் சங்கீதத்துக்கு அது பழக்கமே இல்லாதது. 1988-இல் அவர் மறைந்த பிறகும் அந்தக் குழு பாடியது. எங்கள் விடுதியில் நாகர்கோவில்காரன் ஒருவன் இருக்கிறான். டிசம்பர் வந்தால் ராத்திரி ராத்திரியாக கேரல் ரவுண்ட்ஸ் போய்த் தொண்டையைக் கட்டிக்கொண்டு வருவான். அவனுக்கு இந்த நாலு குரல் சமாசாரம் சின்ன வயதிலேயே சர்ச்சில் வந்துவிட்டது. "மச்சான், ஆல்டோ பாடுறவங்களுக்குத் தனியா பாடினா பாட்டே இருக்காது. மத்தவங்க பாடினாதான் அது பாட்டு" என்றான். ஒரே மாதிரி பாடினால்தான் சேர்ந்து பாடுவது என்று யார் சொன்னது?

2023 டிசம்பர் 31. திருத்தணிப் படித் திருவிழா. மலைக்கு 365 படி, நாளுக்கு ஒன்று என்று கணக்கு. ஒவ்வொரு படிக்கும் கற்பூரம் ஏற்றி ஒரு திருப்புகழ். வள்ளிமலை சுவாமிகள் ஆரம்பித்துவைத்தது. வெள்ளைக்காரன் காலத்தில் ஜனவரி 1 அன்று துரைமார்களைப் பார்த்து வாழ்த்துச் சொல்ல ஓடுவார்களாம். துரைகளுக்கெல்லாம் பெரிய துரை தணிகையில் இருக்கிறான், அவனைப் போய்ப் பாருங்கள் என்று திருப்பிவிட்டார் என்று சொல்வார்கள்.

சென்ட்ரலில் லோக்கல் ரயில் பிடித்துப் போனோம். மாமி, அம்மா, இஸ்திரி அக்கா, அவருடைய பெண், இன்னும் ஏழு பேர். நான் பை தூக்க. அங்கே போனால் எங்கள் மாதிரி குழுக்கள் எத்தனையோ ஊர்களிலிருந்து. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மெட்டு, ஒரு வேகம். மேல் படியில் ஒரு கூட்டம், கீழ் படியில் ஒரு கூட்டம். பாட்டு பாட்டோடு மோதுகிறது. ஒரு படிக்கு ஐந்து நிமிஷம் என்று வைத்தால்கூட எவ்வளவு நேரமாகும் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

எத்தனையாவது படி என்று ஞாபகம் இல்லை. மாமிக்குத் தொண்டை கட்டிவிட்டது. அக்கா எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். மாமி தலையாட்டித் தாளம் போட்டார். அது அம்மா வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போது பாடும் பாட்டு, எனக்கே வரிகள் தெரியும். எனக்கு முன்னால் ஐந்தாறு பேர், பின்னால் முன்பின் தெரியாத ஒரு ஐம்பது பேர். பழக்க தோஷத்தில் வாயை அசைத்துக்கொண்டிருந்தேன். அம்மா மூச்சு வாங்க நிறுத்தினாள். பக்கத்தில் நான்தான் நிற்கிறேன்.

சத்தம் வந்துவிட்டது. கண்டிப்பாகச் சுருதி சேரவில்லை. பாட்டு மிஸ் சொன்னதில் தப்பே இல்லை, அவர் காது சரியான காது. ஆனால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா மட்டும் ஒரு விநாடி பார்த்துவிட்டு அடுத்த வரியில் சேர்ந்துகொண்டாள். நான் மூச்சு வாங்கினேன்.

இறங்கி வரும்போது அக்காவுடைய பெண் கேட்டாள், "அண்ணா, உங்களுக்கு ஜலதோஷமா?"